ஷகிப் செய்ததில் தவறு என்ன? மேத்யூஸ் 'டைம்டு அவுட்' விவகாரம் மறுபடியும்

மிட்விக்கெட்:

இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் காலேயில் தன் கடைசி டெஸ்ட்டை ஆடி முடித்துவிட்டார். 2009-இல் அதே மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தொடங்கியவர். 119 டெஸ்ட், 8,214 ரன், 16 சதம். நியாயமாக இதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் கடைசி எதிரணி வங்கதேசமாக அமைந்துவிட்டதால் பழைய புண்ணைச் சொறியத் தொடங்கிவிட்டார்கள். 2023 நவம்பர் 6, தில்லி, ஹெல்மெட் வார், வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன். அன்றோடு கிரிக்கெட்டின் கண்ணியம் செத்துப்போனதாக ஒப்பாரி.

எனக்கு அந்த ஒப்பாரியில் உடன்பாடு இல்லை. ஷகிப் செய்தது விதிப்படி சரி என்பதோடு நான் நிற்கப் போவதில்லை. அவர் இடத்தில் எந்தக் கேப்டன் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மறந்தவர்களுக்காக: ஷகிப்பின் பந்தில் சமரவிக்ரமா 41 ரன்னில் அவுட். இலங்கை 135க்கு 4. அந்த உலகக் கோப்பையின் ஆட்ட விதிப்படி அடுத்த பேட்ஸ்மேன் இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். கிரீஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதாது. மேத்யூஸ் வந்தார், ஹெல்மெட் வாரை இறுக்கினார், வார் கையோடு வந்துவிட்டது. பெவிலியனைப் பார்த்து வேறு ஹெல்மெட் கேட்டார். ஷகிப் அப்பீல் செய்தார். விளையாட்டுக்கு அல்ல, உண்மையாகவே கேட்கிறார் என்பதை நடுவர்கள் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. ஒரு பந்துகூட ஆடாமல் 135க்கு 5. நேரத்துக்குள் தயாராகாததற்கு அவுட், இதுதான் 'டைம்டு அவுட்'. சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி அவுட் ஆன முதல் ஆள் மேத்யூஸ்.

அந்த ஆட்டத்தில் தோற்பவருக்கு இழப்பு சாதாரணமானதல்ல. புள்ளிப் பட்டியலில் முதல் எட்டுக்குள் இருந்தால்தான் 2025 சாம்பியன்ஸ் டிராபி. வங்கதேசம் எட்டாவதாக முடித்தது, இலங்கை ஒன்பதாவது. ஒரு விக்கெட் சும்மா கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு சாம்பியன்ஸ் டிராபியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் கேப்டனை அவருடைய நாட்டு மக்கள் கண்ணியவான் என்றா கொண்டாடுவார்கள்?

கல்லடிப் பாலம்:

விதியில் இருக்கிறது என்பதை இங்கே யார் மறுத்தது? அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. துடுப்பாட்ட வீரர்கள் வேண்டுமென்றே நேரத்தை இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காக. முதல் இன்னிங்ஸில், அரைவாசி ஓவர்கள் மீதம் இருக்கும்போது, நேரத்தை இழுத்தடித்து மத்தியூஸ் எதைப் பெறப்போகிறார்? தலைக்கவசத்தின் வார் அறுந்தது விபத்து. விபத்துக்குத் தண்டனை கொடுப்பதற்கு அந்த விதி இயற்றப்படவில்லை.

இன்னொன்று. நான்காவது நடுவர் ஹோல்ட்ஸ்டொக் இடைவேளையில் வந்து, வார் அறுவதற்கு முன்பே அவர் இரண்டு நிமிடத்துக்குள் ஆயத்தமாகவில்லை என்று விளக்கம் சொன்னார். மத்தியூஸ் அன்றிரவே காணொளியை வெளியிட்டு, வார் அறுந்தபோது சில விநாடிகள் மீதம் இருந்தன என்று காட்டினார். அதற்குப் பிறகு யாராவது ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா?

அன்று எங்கள் வீட்டில் கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத பெரியம்மாகூட, 'ஏன் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள்?' என்று கேட்டார். பதினைந்து வருடங்களாகச் சர்வதேசக் கிரிக்கெட் ஆடிய ஒருவரை அப்படி அனுப்பியது அவமானம். மத்தியூஸ் தலைவராக இருந்த காலத்தில் எதிரணி வீரர் ஒருவரை இப்படி வெளியேற்றியிருப்பாரா?

நைட் வாட்ச்மேன்:

வெளியேற்றினார். 2014 ஜூன், எட்ஜ்பாஸ்டன். தொடருங்கள்.

மிட்விக்கெட்:

நைட் வாட்ச்மேன் முந்திக்கொண்டுவிட்டார். தொடர் 2-2 என்று நிற்கும்போது ஐந்தாவது ஒருநாள் ஆட்டம். சசித்ர சேனநாயக்க பந்து வீச வந்து, மறுமுனையில் கிரீஸை விட்டு நகர்ந்திருந்த ஜாஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். அப்பீலைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று நடுவர்கள் கேட்டது யாரிடம்? கேப்டன் மேத்யூஸிடம். மாட்டேன் என்றார். அரங்கமே கூச்சலிட்டது. அலஸ்டர் குக் ஒரு வரம்பு மீறப்பட்டதாகக் கொதித்தார். விதிக்குள்தான் நடந்துகொண்டோம் என்று மேத்யூஸ் அமைதியாகப் பதில் சொன்னார். தொடரை இலங்கை 3-2 என்று வென்றது.

அன்று நான் மேத்யூஸ் பக்கம். அதே காரணத்துக்காகத்தான் 2023-இல் ஷகிப் பக்கம். கட்சி மாறியது நான் இல்லை.

கல்லடிப் பாலம்:

எட்ஜ்பாஸ்டனைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு விடயத்தை வசதியாக விட்டுவிடுவார்கள். பட்லருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. இரண்டு தடவை. அதற்குப் பிறகும் அவர் வெளியே நடந்தார். மத்தியூஸுக்குத் தில்லியில் யார் என்ன எச்சரிக்கை கொடுத்தார்கள்? பக்கத்தில் நின்ற எவராவது 'இன்னும் முப்பது விநாடிகள்தான்' என்று சொன்னார்களா? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

விதி, விதி என்று சகிப் அல் ஹசனுக்காக வாதாடுகிறவர்கள் 2018 மார்ச்சில் கொழும்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சுதந்திரக் கிண்ணத் தொடர், பிரேமதாச அரங்கு, கடைசி ஓவர். உதான வீசிய இரண்டாவது பவுன்சருக்கு நோ-போல் கிடைக்கவில்லை என்று எல்லைக் கோட்டருகே வந்து, தன் துடுப்பாட்ட வீரர்களை வெளியே வரச் சொல்லிக் கையசைத்தவர் இதே சகிப் அல் ஹசன். நடுவரின் தீர்ப்பு அன்று அவருக்குத் தீர்ப்பாகத் தெரியவில்லை. 2021-இல் டாக்கா லீக் ஆட்டத்தில் எல்பிடபிள்யூ கிடைக்கவில்லை என்று விக்கெட்டைக் காலால் உதைத்தவரும் அவர்தான். தனக்குப் பாதகமாக வரும்போது விதியை உதைப்பதும், சாதகமாக வரும்போது விதிப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கும்பிடுவதும் எந்த ஊர் நியாயம்?

நைட் வாட்ச்மேன்:

அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தில் தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29 எடுத்ததையும், கடைசிப் பந்து சிக்ஸரையும் குறிப்பிடாமல் கொழும்பைப் பற்றிப் பேச எவருக்கும் அனுமதி இல்லை.

நெறியாளர்:

குறிப்பிட்டாகிவிட்டது. தலைப்புக்குத் திரும்பவும்.

லெக் அம்பயர்:

மாவட்ட லீக் ஆட்டங்களில் நீண்ட காலம் நடுவராக நின்றவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இரண்டு தம்பிகளும் கோபத்தில் ஒரு ஆவணத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அந்த ஆட்டம் முடிந்த சில நாட்களில் எம்.சி.சி. ஒரு விளக்கம் வெளியிட்டது. விதிகளை எழுதுவது அவர்கள்தான். அதன்படி, மேத்யூஸ் முப்பது கெஜ வட்டத்தை எட்டுவதற்கே 90 நொடிக்கு மேல் ஆகிவிட்டது. நேரம் குறைவு என்பதை உணர்ந்து கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓடித்தான் வந்தார். முந்தைய விக்கெட் விழுந்து 1 நிமிடம் 54 நொடியில் வார் அறுந்தது. அதாவது கல்லடிப் பாலம் சொல்வது சரி, நேரம் மீதம் இருந்தது. ஆனால் அந்த நொடியில் அவர் கார்டு எடுக்கக்கூட, அதாவது ஸ்டம்புக்கு நேரே தான் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளக்கூடத் தொடங்கவில்லை. மிஞ்சிய ஆறு நொடியில் வார் நன்றாகவே இருந்திருந்தாலும் அவர் தயாராகியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இனி முக்கியமான பகுதி. ஹெல்மெட் உடைந்ததை அந்த இரண்டு நிமிடத்துக்குள் நடுவரிடம் சொல்லியிருந்தால், மட்டை உடைந்தால் எப்படியோ அப்படி அதைப் புதிய தாமதமாக நடுவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். 'டைம்' என்று அறிவித்து ஆட்டத்தை நிறுத்தியும் இருக்கலாம். மேத்யூஸ் நடுவரிடம் திரும்பவில்லை, நேராகப் பெவிலியனைப் பார்த்துக் கையைக் காட்டினார். இந்த ஒரு செயலில்தான் விக்கெட் போனது என்பது என் கருத்து.

தேர்வறையில் மணி அடிக்க ஆறு நொடி இருக்கும்போது பேனா உடைந்தால், கண்காணிப்பாளரிடம் கையைத் தூக்க வேண்டும். சன்னல் வழியாக நண்பனிடம் பேனா கேட்டால் அது வேறு கணக்கு.

கல்லடிப் பாலம்:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அந்தத் தேர்வறையில் சுவரில் கடிகாரமே இல்லையே? எத்தனை விநாடி போனது என்பது மேலே அறையில் உட்கார்ந்திருந்த நடுவருக்குத் தெரியும். களத்தில் நின்ற மத்தியூஸுக்குத் தெரியாது.

பின்வரிசை:

'எச்சரிக்கை கொடுத்தோம்' என்ற வாதம் எனக்கு எப்போதுமே ஒவ்வாது. கல்லூரி அணியில் ஆடியவள் என்பதால் பெண்கள் கிரிக்கெட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2022 செப்டம்பர், லார்ட்ஸ், ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம். இங்கிலாந்து கையில் ஒரே விக்கெட், இன்னும் 17 ரன் தேவை, சார்லி டீன் 47-இல் நிற்கிறார். தீப்தி சர்மா பந்து வீச வந்து, டீன் வெளியே போயிருப்பதைப் பார்த்து ஸ்டம்பைத் தட்டினார். ஆட்டம் முடிந்தது, தொடர் 3-0. உடனே ஊர் முழுக்கக் கூச்சல். தீப்தி என்ன சொன்னார்? முன்பே எச்சரித்தோம் என்றார். இங்கிலாந்தின் ஹீத்தர் நைட் என்ன சொன்னார்? அப்படி ஓர் எச்சரிக்கையே தரப்படவில்லை என்றார். விவாதம் எங்கே போய் நின்றது பாருங்கள். டீன் எத்தனை முறை கிரீஸை விட்டு முன்கூட்டியே நகர்ந்தார் என்பதை விட்டுவிட்டு, எச்சரித்தாரா இல்லையா என்று தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

எச்சரிக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. கீப்பர் ஸ்டம்பிங் செய்வதற்கு முன் எச்சரிக்கிறாரா? அந்த ரன் அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியில் சேர்த்தது 2022-இல்தான். அதுவரை பந்துவீச்சாளரைக் குற்றவாளிக் கூண்டிலேயே வைத்திருந்தார்கள். வினூ மங்கட் பில் பிரவுனை அப்படி அவுட் ஆக்கிய 1947-இலிருந்து எண்ணிப் பாருங்கள். கோட்டை மீறியவர் பெயர் யாருக்கும் நினைவில்லை, பிடித்தவர் பெயரை அந்தச் செயலுக்கே வைத்துத் திட்டினார்கள். கிரிக்கெட்டின் கண்ணியம் என்று இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி பேட்ஸ்மேனுக்கான சலுகை, அவ்வளவுதான். மேத்யூஸ் விஷயத்திலும் அதேதான். ஓவரைத் தாமதமாக வீசினால் அபராதம், வட்டத்துக்கு வெளியே ஒரு பீல்டரைக் குறைத்தல் என்று பந்துவீசும் அணியை எத்தனை வழியில் பிழிகிறார்கள்? அதற்கெல்லாம் யாராவது கண்ணீர் விடுகிறார்களா?

ஸ்கார்பரோ:

பெரிய சண்டையாக இருக்கிறது, நானும் வருகிறேன். கனடாவில் குளிர் காலத்தில் எங்களுக்குப் பழைய ஆட்டங்களைப் பற்றி வாதாடுவதுதான் வேலை.

முரளிதரனை மறந்துவிட்டீர்களே. 2006 டிசம்பர், கிறைஸ்ட்சேர்ச். இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸ், ஒன்பது விக்கெட் போய்விட்டது. சங்ககார தனி ஆளாக நின்று சதத்துக்கான ஓட்டத்தை எடுத்தார். முரளி மறுமுனையில் துடுப்பைத் தரையில் வைத்துவிட்டு, பந்து இன்னும் கீப்பரின் கைக்கு வராத நிலையில் அவரைக் கட்டிப்பிடிக்கத் திரும்பி நடந்தார். நியூசிலாந்து கீப்பர் பிரண்டன் மெக்கலம் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டினார். மொத்தம் 170, அதில் சங்ககார ஆட்டமிழக்காமல் 100. நியூசிலாந்து வென்றது. நியாயமான ரன் அவுட்தானே? பந்து உயிரோடுதான் இருந்தது.

பத்து வருடம் கழித்து, 2016-இல், லார்ட்ஸில் கிரிக்கெட்டின் கண்ணியம் பற்றிய கௌட்ரி உரை ஆற்றிய மெக்கலம் அதைச் சொல்லி முரளியிடமும் சங்ககாரவிடமும் மன்னிப்புக் கேட்டார். சங்ககார எதிரே உட்கார்ந்திருந்தார். நல்லது என்று நானும் நெகிழ்ந்தேன்.

பிறகு 2023 ஜூலை, அதே லார்ட்ஸ். கிரீனின் பந்துக்குக் குனிந்துவிட்டு பெயர்ஸ்டோ பாட்டுக்குக் கிரீஸை விட்டு நடந்தார். அலெக்ஸ் கேரி எறிந்தார், அவுட். அப்போது மெக்கலம் இங்கிலாந்தின் பயிற்சியாளர். ஆஸ்திரேலியர்களோடு இப்போதைக்கு பீர் குடிக்கும் எண்ணம் இல்லை என்றார்! எம்.சி.சி. உறுப்பினர்கள் லாங் ரூமில் ஆஸ்திரேலிய வீரர்களை ஏசினார்கள், பின்னர் மூன்று பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விதிகளைக் காக்கும் மன்றத்தின் உறுப்பினர்களே விதிப்படி விழுந்த விக்கெட்டுக்காக ஏசியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

கல்லடிப் பாலம்:

ஸ்கார்பரோ அண்ணா, அது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. மெக்கலம் மன்னிப்புக் கேட்டார் அல்லவா? விதிப்படி சரியாகச் செய்தவர் ஏன் பத்து வருடம் அதைச் சுமந்தார்? சரி என்பதும் தகும் என்பதும் வேறு வேறு என்று அவருக்கே தெரிந்திருந்தது. வங்கதேசத்தின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் அலன் டொனால்டே சகிப் செய்ததை ஏற்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எதிரணிக்காரர் அல்ல, அவர்களின் ஆள்.

2007-இல் கேப் டவுனில் கங்குலி துடுப்பெடுத்தாட வர ஆறு நிமிடம் எடுத்தார். களத்தடுப்பின்போது களத்தில் இல்லாத நேரத்துக்கு ஈடாக டெண்டுல்கர் உடனே இறங்க முடியாது, லக்ஷ்மன் குளியலறையில், கங்குலி அரைகுறையாக உடுத்திக்கொண்டு ஓடி வந்தார். டெஸ்ட்டில் விதி மூன்று நிமிடம். நிலைமையை நடுவர்கள் விளக்கினார்கள், கிரேம் ஸ்மித் அப்பீல் செய்யவில்லை. அந்த டெஸ்ட்டையும் தொடரையும் தென்னாபிரிக்கா வென்றது. தலைவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மிட்விக்கெட்:

ஸ்மித் வென்றார், அதனால் அது பெருந்தன்மை. தோற்றிருந்தால்?

2011 டிரெண்ட் பிரிட்ஜை எடுங்கள். இயன் பெல் பந்து பவுண்டரிக்குப் போய்விட்டது என்று நினைத்துத் தேநீருக்கு நடந்தார், ரன் அவுட். 137. இடைவேளையில் இங்கிலாந்துக் கேப்டன் ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் பிளவரும் இந்திய அறைக்கு வந்து கேட்டார்கள், தோனி அப்பீலைத் திரும்பப் பெற்றார். பெல் 159 எடுத்தார். இந்தியா 319 ரன்னில் தோற்றது. தோனிக்கு ஐ.சி.சி. கண்ணிய விருது கொடுத்தது, பத்தாண்டு முடிவில் அதே செயலுக்கு இன்னொரு விருது. அந்தத் தொடரை நாம் 4-0 என்று இழந்தோம். நான் தோனியைக் குறைசொல்லவில்லை. ஆனால் அதே செயலை ஷகிப்பிடம் கடமைபோல் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? விருப்பப்பட்டுக் கொடுப்பதை வரியாக வசூலிக்க முடியாது.

1987 உலகக் கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ் பந்து வீச வந்தபோது, மறுமுனையில் கிரீஸை விட்டு வெளியே போயிருந்த சலீம் ஜாபரை அவுட் ஆக்காமல் விட்டார். பாகிஸ்தான் கடைசிப் பந்தில் வென்றது. வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. எல்லோரும் வால்ஷைப் புகழ்கிறோம். அரையிறுதியை இழந்த மற்ற பத்துப் பேரிடம் யாராவது கேட்டோமா?

இலங்கை ரசிகர்களுக்கு நட்புடன் ஒன்று: 2010 தம்புள்ளை, சேவாக் 99, வெற்றிக்கு ஒரே ரன், அவர் சதம் அடிக்காதிருக்க ரந்திவ் வேண்டுமென்றே வீசிய நோ-பால். அதற்கு அவருக்கு ஒரு ஆட்டத் தடை. அது விதிக்குள் இருந்துகொண்டே செய்த அற்பத்தனம், வெற்றிக்கு எந்த வகையிலும் உதவாதது. தில்லியில் நடந்தது விக்கெட். வித்தியாசம் புரிகிறதா?

கல்லடிப் பாலம்:

ரந்திவுக்கு எங்கள் கிரிக்கெட் சபையே தண்டனை கொடுத்தது. சகிப்புக்கு ஆட்ட நாயகன் விருது கொடுத்தார்கள். வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

நைட் வாட்ச்மேன்:

அந்த ஆட்ட நாயகனை 82-இல் அவுட் ஆக்கியது யார்? மேத்யூஸ். ஆக்கிவிட்டு, நேரம் முடிந்தது என்பதுபோல் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். 90 எடுத்த ஷான்டோவையும் அவர்தான் எடுத்தார். அன்றைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். முடிந்ததும் கைகுலுக்காமல் போனது பிடிக்காத பகுதி.

2024-இல் வங்கதேசத்தில் டி20 தொடரை வென்று இலங்கை வீரர்கள் மொத்தமாக மணிக்கட்டைக் காட்டினார்கள். ஒருநாள் தொடரை வென்ற வங்கதேசம் கோப்பையோடு நிற்கும்போது முஷ்பிகுர் ஹெல்மெட் உடைந்ததுபோல் நடித்துக் காட்டினார். எனக்கு இந்தப் பகை பிடித்திருக்கிறது. ஆஷஸைவிடச் சுவாரசியம்.

பின்வரிசை:

முதல்தரக் கிரிக்கெட்டில் இது முன்பே நடந்திருக்கிறது. 2002-இல் தென்னாப்பிரிக்காவில் வாஸ்பர்ட் டிரேக்ஸ் டைம்டு அவுட் ஆனார். அவர் அப்போது மைதானத்திலேயே இல்லை. விமானம் தாமதம்.

லெக் அம்பயர்:

1997-இல் கட்டாக்கில் திரிபுராவின் ஹேமுலால் யாதவும் உண்டு. எல்லைக் கோட்டருகே தயாராக நின்றவர் உள்ளே வரவே இல்லை. அங்கேயெல்லாம் கேப்டன்களை யாரும் கொலைகாரர்கள் என்று சொல்லவில்லை.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். கல்லடிப் பாலம் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓவருக்கும் ஓவருக்கும் இடையே 60 நொடி என்ற விதியை 2023 டிசம்பரில் சோதனையாகக் கொண்டுவந்து, 2024 ஜூனில் வெள்ளைப் பந்து ஆட்டங்களுக்கு நிரந்தரமாக்கினார்கள். பந்துவீசும் அணிக்குக் கடிகாரம் 60-லிருந்து இறங்கி ஓடுவது மைதானத்திலேயே தெரிகிறது. இரண்டு எச்சரிக்கை, அதற்குமேல் ஐந்து ரன் அபராதம். இதில் யாரும் அப்பீல் செய்யத் தேவையில்லை. கேப்டனின் கண்ணியத்தைச் சோதிக்கவும் தேவையில்லை. பேட்ஸ்மேனின் இரண்டு நிமிடத்தையும் அப்படித் திரையில் ஓடவிட்டால் சண்டையில் பாதி குறையும்.

மிட்விக்கெட்:

அப்பீலையும் எடுத்துவிடலாமே? நேரம் போனால் நடுவரே அவுட் கொடுக்கட்டும்.

லெக் அம்பயர்:

கூடாது தம்பி. கேட்காமல் அவுட் இல்லை என்பது கிரிக்கெட்டின் அடித்தளம். கிளீன் போல்டுக்குக்கூட யாரும் கேட்பதில்லையே என்பீர்கள். அங்கே ஆட்டக்காரர் தானே நடந்துவிடுகிறார். நேர விவகாரத்தில் அப்பீலை எடுத்துவிட்டால், வாசல் கதவு பூட்டியிருந்தாலும், பார்வையாளர் ஒருவர் ஓடி வந்து வழிமறித்தாலும் நடுவர் இயந்திரம்போல் கையைத் தூக்க வேண்டி வரும்.

நான் லீக்கில் நிற்கும்போது ஒரு நிமிடம் ஆனதும் உள்ளே வருபவரைப் பார்த்து 'சீக்கிரம் வாப்பா' என்று சத்தம் போடுவேன். விதியில் இல்லை. பீல்டிங் அணிகள் என்னை முறைத்ததும் உண்டு.

பின்வரிசை:

உட்காரும் இடத்தையும் மாற்றலாம். டி20-இல் 90 நொடிதான், ஆனாலும் அடுத்தவர் எல்லைக் கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் சிக்கல் வருவதில்லை. ஒருநாள் ஆட்டத்திலும் அடுத்து இறங்குபவர் கீழே வந்து உட்காரட்டும், ஹெல்மெட்டையும் அங்கேயே மாட்டிப் பார்க்கட்டும். மாடியிலிருந்து படியிறங்கி நடந்து வந்து, கிரீஸில் நின்று வாரைச் சோதிப்பது என்ன பழக்கம்?

கல்லடிப் பாலம்:

திரையில் கடிகாரம் வேண்டும் என்பதில் ஐயாவோடு நிற்கிறேன். கீழே உட்காருவதும் சரி. ஆனால் தில்லியில் கடிகாரம் இல்லை என்பது சகிப்புக்கும் தெரியும். அது தெரிந்துதான் கேட்டார்.

மிட்விக்கெட்:

களத்தில் இருந்த பீல்டர் ஒருவர் வந்து சொன்னதால் கேட்டதாக ஷகிப்பே அன்று சொன்னார். விதிப் புத்தகத்தைப் படித்து வைத்திருந்த அந்த பீல்டரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அணிக்கு அப்படி ஒருவர் வேண்டும்.